அரிய விழித்திரை நோய்களைப் படிமவழி கண்டறிதல்

அரிய விழித்திரை நோய்களைப் படிமவழி கண்டறிதல் என்பது, கண்ணின் உட்புறச் சுவராகிய விழித்திரையைப் பல்வேறு ஒளியியல் முறைகளால் படமெடுத்து, ஒன்றுபோலவே தோன்றும் நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் மருத்துவ முறையாகும். விழிப்புலனுக்குக் காரணமான உயிரணுக்களை உடலைக் கீறாமல் வெளியிலிருந்து நேரடியாகக் காணக்கூடிய ஒரே உறுப்பு கண் ஆகும். அவ்வாறிருந்தும், மரபுவழி விழித்திரை நோயுடைய பலர் தம் நோயின் சரியான பெயரை அறியாமலேயே பல ஆண்டுகளைக் கழிக்கின்றனர். இக்கட்டுரை, தமிழில் மாலைக்கண் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் அறிகுறியை மையமாகக் கொண்டு இம்முறைகளை விளக்குகிறது.

மாலைக்கண் என்னும் ஒரு சொல்

மங்கலான ஒளியில் பார்வை குன்றுதல் மாலைக்கண் எனப்படுகிறது. பள்ளிப் பாடநூல்களில் இது உயிர்ச்சத்து ஏ குறைபாட்டினால் வரும் நோய் என்று மட்டுமே கற்பிக்கப்படுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் மாலைக்கண் ஒரு நோயன்று; ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல இதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில:

உயிர்ச்சத்து ஏ குறைபாடு. உரிய அளவு மருந்து கொடுத்தால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இரவுப் பார்வை திரும்பிவிடும்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மரபுவழி வருவது. முதலில் இரவுப் பார்வையும், பின்னர் பக்கவாட்டுப் பார்வையும் குறைந்து, இறுதியில் குழாய் வழியே பார்ப்பது போன்ற குறுகிய பார்வையே எஞ்சும். உலகளவில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவர் என்பது வழக்கமாகக் கூறப்படும் அளவு. தென்னிந்தியாவில் 40 வயதைக் கடந்தோரிடம் செய்யப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று, கிராமப்புறத்தில் 372 பேருக்கு ஒருவர் என்றும் நகர்ப்புறத்தில் 930 பேருக்கு ஒருவர் என்றும் கண்டது. எனவே "அரிய நோய்" என்னும் அடைமொழி நம் பகுதிக்கு முழுதும் பொருந்துவதில்லை.

ஒகுச்சி நோய். இதுவும் மரபுவழி வருவதே. ஆனால் பெரும்பாலும் வயதோடு வளர்வதில்லை. பகற்பார்வை இயல்பாகவே இருக்கும்.

சுருள்வடிவச் சிதைவு எனத்தக்க கைரேட் அட்ரோஃபி. குருதியில் ஆர்னிதின் என்னும் அமினோ அமிலம் மிகுவதால் வருவது. உணவுக் கட்டுப்பாட்டினால் இதன் போக்கை மெதுவாக்க முடியும்.

நான்கிலும் நோயாளி சொல்வது ஒன்றே: "பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை." ஆனால் ஒன்று முற்றும் குணமாவது, மற்றொன்று படிப்படியாகப் பார்வையைப் பறிப்பது, இன்னொன்று அப்படியே நிற்பது, வேறொன்று உணவினால் ஓரளவு தடுக்கக்கூடியது. சரியான பெயரைக் கண்டறிவதன் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

ஜமுனாமரத்தூர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலை மீது அமைந்துள்ள ஊர் ஜமுனாமரத்தூர். இதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். இங்கிருந்து மலையிறங்கித்தான் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய கண் மருத்துவமனைக்குச் சென்றுவர ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாள் கூலியை இழக்க நேரிடும்.

இங்குள்ள ஒரு சிற்றூரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மாலையில் தடுமாறி நடக்கிறாள் என்று கொள்வோம். உயிர்ச்சத்து ஏ கொடுப்பது முதல் நடவடிக்கையாக இருப்பதில் தவறில்லை. இந்தியாவில் 1970 முதல் இதற்கென நாடளாவிய தடுப்புத் திட்டமும் உள்ளது. சிக்கல் அதன் பிறகு வருகிறது. மருந்து கொடுத்தும் மாற்றமில்லை எனில் "இன்னும் கொஞ்சம் கீரை, கேரட் கொடுங்கள்" என்ற அறிவுரையோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. குறைபாடு உண்மையில் இருந்தால் வெண்விழியில் நுரை ஒட்டியதுபோன்ற பிட்டாட் புள்ளிகள் காணப்படலாம். மருந்தும் விரைவில் பலன் தரும். இரண்டும் இல்லையேல் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அதற்கு முன், செலவேயில்லாத கேள்வி ஒன்று உண்டு: பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் போன்ற நெருங்கிய உறவில் மணந்தவர்களா? ஒடுங்கு பண்பாக வரும் மரபு நோய்களுக்கு, குறைபாடுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும். உறவுத் திருமணத்தில் அதற்கான வாய்ப்பு கூடுதல்.

விழித்திரையும் உயிர்ச்சத்துச் சுழற்சியும்

விழித்திரை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதற்குள் பல அடுக்குகள் உள்ளன. ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். மங்கிய ஒளிக்குரிய குச்சி உயிரணுக்கள் ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி. பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு உயிரணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். இவற்றுக்குப் பின்னால், இவற்றைப் பேணும் நிறமிப் படலம் ஒற்றை உயிரணு அடுக்காக விரிந்துள்ளது.

உயிர்ச்சத்து ஏயிலிருந்து உருவாகும் வளைந்த மூலக்கூறு ஒன்று குச்சி உயிரணுவில் காத்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்ந்துவிடும். அந்த வடிவ மாற்றமே பார்வையின் முதற்படி. நிமிர்ந்த மூலக்கூறு நிறமிப் படலத்துக்குச் சென்று மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்ப வேண்டும். கடையிலிருந்து காலிக் குப்பிகள் தொழிற்சாலைக்குச் சென்று நிரம்பித் திரும்புவதுபோன்ற சுழற்சி இது. இச்சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புரதம் பொறுப்பு. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு.

உயிர்ச்சத்து ஏ குறைபாட்டில் மூலப்பொருளே இல்லை. வேறு நோய்களில் மூலப்பொருள் போதிய அளவு இருந்தும் சுழற்சி ஓரிடத்தில் அறுந்துபோகிறது. வளைந்த மூலக்கூறைப் பிடித்துச் செல்லும் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழை விழித்திரைச் சிதைவை உண்டாக்கும் என்பது, உறவுத் திருமணங்கள் நிகழ்ந்த ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்ததன் வழியாக 1997 இல் உலகுக்குத் தெரியவந்தது. அத்தகையோருக்கு எவ்வளவு கீரை கொடுத்தாலும் அறுந்த இடம் இணையப்போவதில்லை.

விழியடிப் படம்

எர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 இல் விழிநோக்கியை உருவாக்கியபின்தான் உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் கண்டனர். விழியடியைப் படமெடுக்கும் ஒளிப்படக் கருவி 1920களில் விற்பனைக்கு வந்தது. இன்று கைப்பேசியோடு பொருத்தத்தக்க சிறு கருவிகளும் உள்ளன. இவற்றை ஒரு பையில் வைத்து மலைக்கு எடுத்துச் செல்லலாம்.

முற்றிய ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் எலும்புத் துணுக்குகளை இறைத்தாற்போன்ற கரும்புள்ளிகள் விழியடிப் படத்தில் தெளிவாகத் தெரியும். ஆனால் குழந்தைகளில் இந்நோய் தொடங்கும்போது படம் ஏறத்தாழ இயல்பாகவே தோன்றலாம். "படம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்ற முடிவு பல குடும்பங்களைத் தவறான வழியில் செலுத்துவது இக்கட்டத்தில்தான்.

ஒகுச்சி நோயில் இதற்கு நேர்மாறான நிலை. சப்பானிய மருத்துவர் ஒகுச்சி 1907 இல் விவரித்த இந்நோயில் விழித்திரை பொன்மினுக்குப் பூசியதுபோல் தோன்றும். 1913 இல் மிசுவோ என்பவர் வியப்பான ஒன்றைக் கண்டார்: நோயாளியைச் சில மணி நேரம் முழு இருளில் வைத்துவிட்டுப் பார்த்தால் அப்பொன்னிறம் மறைந்து விழித்திரை இயல்பான நிறம் பெறுகிறது, ஒளியில் சிறிது நேரம் இருந்தால் பொன்னிறம் மீண்டும் வருகிறது. இது மிசுவோ-நாக்கமுரா நிகழ்வு எனப்படுகிறது. ஒளி பட்டபின் குச்சி உயிரணுவின் செயலை நிறுத்திவைக்கும் புரதங்களுள் ஒன்று பழுதாவதே காரணம். அத்தகைய புரதமான அரெஸ்டினின் மரபணுப் பிழை, ஒகுச்சி நோயுள்ள இரு இந்திய உடன்பிறப்புகளிடம் கண்டறியப்பட்டு 1998 இல் வெளியிடப்பட்டது.

இச்சோதனையில் கவனிக்க வேண்டியது அதன் எளிமை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணைக் கட்டி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருளில் வைத்து, கட்டவிழ்த்த உடனே ஒரு படம், ஒளிக்குப் பழகியபின் ஒரு படம் என இரண்டு படங்கள் போதும். ஜமுனாமரத்தூரில் ஓர் இருட்டறையும் கைப்பேசிக் கருவியும் இருந்தால் அங்கேயே செய்துவிடலாம். இதை யாரும் நினைவில் கொள்ளாததே தடை. பரபரப்பான மருத்துவமனையில் பொன்னிறத்தைக் கண்டும், இருளில் வைத்துப் பார்க்காமல் வேறு பெயர் சூட்டிவிட வாய்ப்புண்டு. ஒகுச்சி நோய் என்று உறுதியானால் அச்சிறுமி பகல் வேலைகள் அனைத்தையும் மற்றவர்களைப்போலச் செய்யலாம். பார்வை முழுதும் போய்விடும் என்ற அச்சத்தோடு வளரத் தேவையில்லை.

வழக்கமான கருவி ஒரே படத்தில் 30 முதல் 50 பாகை வரையே காட்டும். மாலைக்கண் நோய்களோ பெரும்பாலும் விளிம்பில் தொடங்குபவை. இசுக்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளசு ஆண்டர்சன், தம் மகனுக்கு விழித்திரை விலகியது காலந்தாழ்ந்து தெரியவந்து ஒரு கண்ணின் பார்வை போனதையடுத்து, 200 பாகை வரை ஒரே முறையில் படமெடுக்கும் அகலப்புலக் கருவியை உருவாக்க முனைந்தார். அவர் நிறுவிய ஆப்டாஸ் நிறுவனத்தின் கருவிகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. கைரேட் அட்ரோஃபியில் விளிம்பில் வட்டவட்டமாகத் தேய்ந்து ஒன்றோடொன்று இணையும் திட்டுகளை இவ்வகைப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். அதன்பின் ஆர்னிதின் அளவைக் காண ஒரு குருதிச் சோதனை போதும்.

குருதிக் குழாய்களைக் காட்டும் ஃபுளோரசின் சாயப் படம் 1961 முதல் வழக்கில் உள்ளது. இது மாலைக்கண் நோய்களில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஈல்ஸ் நோய் போன்ற குழாய் அழற்சிகளில் இன்றும் இன்றியமையாதது. பர்மிங்காமைச் சேர்ந்த என்றி ஈல்ஸ் 1880 இல் விவரித்த அந்நோய் இன்று மேலைநாடுகளில் மிக அரிது. இந்தியாவில் இளைஞர்களிடம் பார்வையிழப்புக்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று.

தன்னொளிர்வுப் படம்

மேற்சொன்ன உயிர்ச்சத்துச் சுழற்சியின் கழிவாக நிறமிப் படலத்தில் லிப்போஃபுஸ்சின் என்னும் பொருள் சேர்கிறது. நீலம் அல்லது பச்சை ஒளி பாய்ச்சினால் இது தானே ஒளிரும். எந்தச் சாயமும் செலுத்தாமல் இவ்வொளிர்வைப் படமெடுக்கும் முறை 1990களின் நடுப்பகுதியில் மருத்துவத்துக்கு வந்தது. சுழற்சி எந்த நிலையில் உள்ளது என்பதற்கு இப்படம் ஏறத்தாழ ஒரு கணக்கேடு.

ஆர்.பி.இ.65 என்னும் மரபணு பழுதானால் மூலக்கூறு மீண்டும் வளைக்கப்படுவதில்லை. சுழற்சியே நின்றுவிடுவதால் கழிவும் சேராது. விழித்திரையின் உயிரணுக்கள் இன்னும் இருக்கும்போதே தன்னொளிர்வுப் படம் கருமையாக இருக்கும். ஏ.பி.சி.ஏ.4 என்னும் மரபணு பழுதாகும் இசுடார்கார்ட் நோயிலோ, கழிவு அகற்றப்படாமல் அளவுக்கு மீறிச் சேர்கிறது. படத்தில் ஒளிரும் திட்டுகளும், நடுவில் உயிரணு இறந்த இடத்தில் கருந்திட்டும் தெரியும். ஒரே சுழற்சியில் இரு வேறு இடங்களில் ஏற்பட்ட அடைப்பு, எதிரெதிரான இரு படங்களைத் தருகிறது.

இது வெறும் கல்விசார் செய்தியன்று. இசுடார்கார்ட் நோயில் உயிர்ச்சத்து ஏ மிகுதியாகக் கொடுத்தால் கழிவு மேலும் கூடக்கூடும் என்பதால், அந்நோயாளிகள் அதனை மாத்திரையாக உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். இந்நோயில் மாலைக்கண்ணைவிட நடுப்பார்வைக் குறைவே முதலில் தோன்றும். ஆனால் "கண் சரியில்லை" என்றாலே உயிர்ச்சத்து ஏ வாங்கிக் கொடுக்கும் வழக்கம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. குறைபாட்டைத் தடுக்கச் சிறு குழந்தைகளுக்கு அரசு தரும் வரையறுத்த அளவுக்கு எதிரான கருத்தாக இதைக் கொள்ளலாகாது.

ஓ.சி.டி. வெட்டுப்படம்

ஓ.சி.டி. என்று பரவலாக அறியப்படும் ஒளியியல் ஒத்திசைவு வெட்டுவரைவு, விழித்திரையைக் கத்தியின்றி நெடுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற படத்தைத் தருகிறது. டேவிட் குவாங், எரிக் சுவான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ உள்ளிட்டோர் 1991 இல் இதனை வெளியிட்டனர். இம்மூவருக்கும் 2023 இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

கேளா ஒலிச் சோதனையில் எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து ஆழத்தைக் கணிக்கின்றனர். ஒளியோ மிக விரைவானது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஆழ வேறுபாட்டுக்கான கால வேறுபாட்டை எந்த மின்னணுக் கடிகாரத்தாலும் நேரடியாக அளக்க இயலாது. எனவே ஓ.சி.டி.யில் ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருபவற்றை ஒன்றோடொன்று கலக்கச் செய்கின்றனர். இரண்டும் கடந்த தொலைவு ஏறத்தாழச் சமமானால் மட்டுமே குறுக்கீட்டு வரிகள் தோன்றும். பிற்காலக் கருவிகளில் கண்ணாடியை நகர்த்தாமல், திரும்பிய ஒளியின் நிறமாலையைப் பதிந்து அதற்கு ஃபூரியே உருமாற்றம் செய்து எல்லா ஆழங்களையும் ஒரே வீச்சில் பெறுகின்றனர். பொறியியல் மாணவர்கள் "இதனால் என்ன பயன்?" என்று வகுப்பில் கேட்கும் அதே உருமாற்றம்தான். இதனால் நொடிக்குச் சில நூறு கோடுகளாக இருந்த வேகம் பல பத்தாயிரமாக உயர்ந்தது. அடுக்குகளை ஐந்து மைக்ரோமீட்டர் அளவுக்குப் பிரித்துக் காண முடிகிறது.

ஒளியுணர் உயிரணுக்கள் உயிரோடு உள்ள இடத்தில் இவ்வெட்டுப்படத்தில் ஒரு வெண்ணிறக் கோடு தொடர்ச்சியாகத் தெரியும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் அக்கோடு விளிம்பிலிருந்து மையம் நோக்கி அழிந்துவரும். எஞ்சிய கோட்டின் நீளத்தை ஆண்டுதோறும் அளந்தால் நோயின் வேகம் தெரியும்.

சிறுவர்களுக்கு வரும் எக்ஸ்-குறுமவழி விழித்திரைப் பிளவு நோயில் ஓ.சி.டி.யின் பயன் இன்னும் வெளிப்படை. இந்நோயில் மையக்குழியில் விழித்திரை உட்புறமாகப் பிரிந்து சிறு நீர்ப்பைகள் உண்டாகின்றன. விழியடிப் படத்தில் மிக நுண்ணிய ஆரக்கோடுகளே தெரியும். சாயப் படத்தில் கசிவும் இராது. இதனால் கண்ணாடி போட்டும் படிக்கத் திணறும் சிறுவனுக்குச் "சோம்பல் கண்" என்று முடிவுகட்டி, ஒரு கண்ணை மறைத்துப் பயிற்சி தருவதுண்டு. ஓ.சி.டி. ஒரு நிமிடத்தில் நீர்ப்பைகளைக் காட்டிவிடும். அவற்றைக் குறைக்கச் சிலருக்குச் சொட்டு மருந்தும் உதவுகிறது.

விண்மீனும் கூம்பு உயிரணுவும்

ஜமுனாமரத்தூர் அமைந்துள்ள அதே சவ்வாது மலைத்தொடரில்தான் காவலூரின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. வானியலாளர்களின் நெடுநாள் தொல்லை வளிமண்டலக் கொந்தளிப்பு. விண்மீன் மின்னுவது அதனால்தான். ஒளியலை எவ்வாறு நெளிந்துள்ளது என அளந்து, அதற்கேற்ப நெளியும் கண்ணாடியால் அதைச் சமன்செய்யலாம் என்று ஓரேசு பாப்காக் 1953 இல் முன்மொழிந்தார். இது தகவமை ஒளியியல் எனப்படுகிறது.

கண்ணுக்குள் பார்க்கும்போது வளிமண்டலத்தின் இடத்தில் கருவிழிப்படலமும் வில்லையும் நிற்கின்றன. இவற்றின் சிறு கோணல்கள் படத்தைக் கலைப்பதால் தனித்தனி உயிரணுவைக் காண இயலாதிருந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்சு, மில்லர் ஆகியோர் 1997 இல் இதே உத்தியைக் கண்ணில் பயன்படுத்தி, உயிருள்ள மனிதரின் கூம்பு உயிரணுக்களைத் தனித்தனியே படமெடுத்தனர். ஓ.சி.டி.யில் கோடு மங்கத் தொடங்குமுன்பே உயிரணுக்களின் அடர்த்தி குறைவதை இதில் எண்ணிப் பார்க்கலாம். கருவி பெரியது, விலை மிகுந்தது. இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளது.

படம் மலையிறங்குதல்

நோயாளியை நகரத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் படத்தை அனுப்பலாம் என்னும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை சங்கர நேத்ராலயா, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்போடு கூடிய ஊர்தியை 2003 இல் இயக்கத் தொடங்கியது. தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களை, பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் நடுவில் நெடுந்தொலைவு வை-ஃபை மூலம் இணைத்தனர். விழியடிப் படம் சில மெகாபைட் அளவே என்பதால் மலைப்பகுதியின் மெதுவான இணைப்பிலும் செல்லும். ஓ.சி.டி. தொகுப்பு நூறு மெகாபைட்டைத் தாண்டக்கூடும். அதைச் சுருக்கி அனுப்பும்போது மேற்சொன்ன வெண்கோடு மங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியே படத்தை வாசிக்கும் முறை 2016 முதல் பெரிதும் பேசப்படுகிறது. அவ்வாண்டு கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அடங்கிய ஏறத்தாழ 1,28,000 படங்களைக் கொண்டு, நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் நரம்பு வலையமைப்பு பயிற்றுவிக்கப்பட்டது. அத்தகைய மென்பொருள், தான் கற்ற நோயை மட்டுமே தேடும். அதனிடம் தொடக்கநிலை ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவின் படத்தைக் கொடுத்தால் "நீரிழிவு நோய் இல்லை" என்று சரியாகவே விடை தரும். முகாமில் உள்ளவர் அதை "நோயே இல்லை" என்று படித்துவிடுவார். அரிய நோய்களுக்கு இலட்சக்கணக்கான படங்கள் கிடைப்பதில்லை என்பது அடிப்படைச் சிக்கல். தன்னொளிர்வு, ஓ.சி.டி. படங்களிலிருந்து எந்த மரபணு பழுதாகியிருக்கலாம் என வரிசைப்படுத்தும் ஐ2ஜீன் என்னும் மென்பொருள் 2025 இல் வெளியானது. ஐரோப்பியப் படங்களையே பெரிதும் கற்ற ஒரு கருவி தென்னிந்தியக் குடும்பங்களில் எவ்வளவு பொருந்தும் என்பதை இங்குள்ள படங்களைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

பெயர் தெரிந்தபின்

படிமம் தனித்து முடிவு சொல்வதில்லை. ஒளிக்கு விழித்திரை தரும் மின்துடிப்பை அளக்கும் விழித்திரை மின்வரைவும், இறுதியாக மரபணுச் சோதனையும் துணை நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கான மரபணுக்களுள் எதை முதலில் தேடுவது என்று வழிகாட்டுவது படிமமே.

ஆர்.பி.இ.65 பழுதுக்கான லக்ஸ்டர்னா என்னும் மரபணு மருத்துவம் 2017 திசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரு கண்களுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர். போதிய அளவு உயிருள்ள உயிரணுக்கள் எஞ்சியிருந்தால் மட்டுமே இது பயன்தரும். அதை முடிவு செய்வதற்கும் ஓ.சி.டி.யில் அளக்கும் தடிமனே பார்க்கப்படுகிறது. மலையில் வாழும் குடும்பத்துக்கு இவ்விலை எட்டாதது.

எட்டக்கூடியவையும் உள்ளன. அடுத்த குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு, ஒடுங்கு பண்பாயின், நான்கில் ஒன்று என்று பெற்றோரிடம் சொல்ல முடியும். பள்ளியில் முன்வரிசை இருக்கையும், மாலையில் வீடு திரும்பத் துணையும் கேட்க முடியும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவதால் "கண் நன்றாகத் தெரிகிறதே" என்று திருப்பி அனுப்பப்படுவதுண்டு. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ எழுத்தைப் படிக்கும் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் புலம் 40 பாகைக்கும் குறைந்தால் குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை என்றும் வகுத்துள்ளது. எனவே சான்றிதழுக்குச் செல்வோர் பார்வைப் புலச் சோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.